ஏராவுக்குள் இருந்த காசு

ஜெப்சி அந்தப் படிவத்தை நான்கு தடவை கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு தடவையும் அவள் புருஷன் கில்பர்ட் அதை வாங்கி, இரண்டாக மடித்து, சகாய மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். ஐந்தாவது தடவை அவள் அவர் கையில் கொடுக்கவே இல்லை. நேராகப் போய் மாதா படத்துக்குப் பின்னால் அவளே செருகிவிட்டு, "ஒங்களுக்கு நடையாச்சும் மிச்சம்" என்றாள்.

படிவத்தில் அப்படி ஒன்றும் மலைக்கிற விஷயம் கிடையாது. அக்கரையில், அதாவது இலங்கையில், பிடிபட்டு வருஷக்கணக்காகத் திரும்பி வராத விசைப்படகுகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது. படகுக்காரர் பேர், ஊர், படகின் பேர், எண் எல்லாம் எழுதி, அந்தப் படகு இனி வராது என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கச்சிமடத்தில் படகு போனவர்களில் பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். கில்பர்ட்டோடு ஒன்றாகத் தொழிலுக்குப் போய்வந்த டென்னிஸ் முதல் ஆளாகப் போட்டுவிட்டு, இப்போது பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே ஆட்டோ ஓட்டுகிறான். கில்பர்ட்டுக்கு மட்டும் அந்தக் கடைசி வரிக்கு வரும்போது கை வரவில்லை. தான் இங்கே கையெழுத்துப் போட்டால் அங்கே கிடக்கிற படகு மூழ்கிவிடும் என்று ஒரு எண்ணம். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளலாம், ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷனுக்கு இந்த அளவு பைத்தியம்கூட இல்லாவிட்டால் நாள் நகராது.

நாள் எப்படி நகர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொந்தப் படகில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போய்வந்த ஆள், இப்போது ஐஸ் கம்பெனியில் மற்றவர்கள் படகுக்கு ஐஸ்கட்டி உடைத்துப் போடுகிறார். விடிகிற நேரத்தில் கம்பெனிக்குப் போனால் வெயில் ஏறும்வரை வேலை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சோற்றைப் பிசையும்போது சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது ஒரு பெருமூச்சு விடுவார். பக்கத்து வீட்டுச் சல்மா அந்தச் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவாள். தோள்வலியைவிட, உடைத்த ஐஸ் இன்னொருவன் படகின் வயிற்றுக்குள் சரசரவென்று இறங்குகிற சத்தம்தான் அவருக்குத் தாங்காது. ஆறு வருஷமாக அதைத் தினமும் கேட்கிறார்.

ஆறு வருஷமாகக் கேட்டும் அவர் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு.

அந்தக் காசு கில்பர்ட்டைப் பெற்ற அய்யா சகாயம் வாங்கியது. சகாயம் கைச்சின்னக் கட்சிக்காரர். பதவி கிதவி ஒன்றும் கிடையாது. தேர்தல் வந்தால் சுவருக்கு வெள்ளையடிக்கவும், ஜீப்புக்கு முன்னால் நடக்கவும் கூப்பிடுவார்கள். தேர்தல் முடிந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆனால் இந்திரா காந்தி என்றால் அவருக்கு உயிர். அந்தம்மாவைச் சுட்டுவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வலையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வருஷம் அந்தம்மாவின் முகம் போட்டு அரசாங்கம் அஞ்சு ரூபாய்க் காசு அடித்தது. பெரிய காசு, நல்ல கனம். சகாயம் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய், பாங்க்கில் கால் கடுக்க நின்று, அஞ்சு ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒன்று வாங்கி வந்தார். பஸ்ஸுக்கு வேறு செலவழித்து அஞ்சு ரூபாயைக் கொடுத்து அஞ்சு ரூபாய் வாங்கி வந்த ஆள் என்று ஊரே சிரித்தது.

"நோட்டு நனஞ்சா கூழாப் போகும்லே. இந்தம்மா நனைய மாட்டா" என்றார் சகாயம். அதற்குமேல் அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு வல்லம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் படகு கட்டுகிறபோது ஒரு வழக்கம் உண்டு. படகுக்கு முதுகெலும்பாக அடியில் ஓடுகிற நீளமான மரத்துக்கு ஏரா என்று பேர். அந்த ஏராவும், படகின் முகப்பில் நிமிர்ந்து நிற்கிற முன்மரமும் சேருகிற பூட்டுக்குள் ஒரு காசை வைத்து மூடிவிடுவார்கள். வசதிப்பட்டவர்கள் பொன் வைப்பார்கள், இல்லாதவர்கள் கையில் இருக்கிற சில்லறையை வைப்பார்கள். சகாயம் அந்தம்மாவை வைத்தார். அந்த வல்லம் இருபத்திரண்டு வருஷம் ஓடியது. சுனாமியையும் பார்த்துவிட்டு, பிறகு மரம் உளுத்து, கரையிலேயே சாய்ந்தது. அதைப் பிரிக்க வந்தவர் முனியசாமி, உப்பூர்ப் பக்கத்து ஆள், படகு கட்டுகிற ஓடாவி. உளியை வைத்து ஏராவைப் பிளந்து காசை எடுத்துச் சகாயத்தின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவர் சொன்னதைக் கில்பர்ட் பக்கத்தில் நின்று கேட்டார்.

"படகு உசுரோட இருக்குற வரைக்கும் இதுல வெளிச்சம் படக்கூடாது மாமா. பட்டுட்டா கத முடிஞ்சுன்னு அர்த்தம். இனி அடுத்த படகுக்குத்தான் இது போகணும்."

அடுத்த படகு கில்பர்ட்டுடையது. அறுபதடி விசைப்படகு. அதற்கு முந்தின வருஷம் பிறந்த மகள் ஆஸ்லினின் பேரையே படகுக்கும் வைத்தார்கள். இந்தத் தடவை சகாயம் ஒரு முன்யோசனை செய்தார். வலையில் கட்டுகிற ஈயக் குண்டு ஒன்றைத் தட்டித் தகடாக்கி, அதில் ஆணியால் 'சகாயம், தங்கச்சிமடம்' என்று கீறி, காசை அந்தத் தகட்டுக்குள் சுருட்டி வைத்தார். உப்புத்தண்ணி அந்தம்மா முகத்தைத் தின்னக்கூடாதாம். முனியசாமி பூட்டை அடித்து மூடி, கீல் பூசினார். சகாயம் அதற்குப்பின் ஏழு வருஷம் இருந்தார். சாகிறவரைக்கும் அந்தப் படகு கரைக்கு வரும்போதெல்லாம் முன்மரத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மீனைப் பார்ப்பார்.

காசு விஷயம் ஊருக்கே தெரியும் என்பதால் கேலிக்குப் பஞ்சம் இல்லை. கச்சத்தீவு இலங்கைக்குப் போனது அந்தம்மா ஆட்சியில்தான் என்பது இந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். டென்னிஸ் அதைச் சொல்லியே கில்பர்ட்டை உருட்டுவான். "ஏலே, தீவக் குடுத்த அம்மாவ அடியில வச்சிருக்க. ஒம் படகு தானாவே அங்கிட்டுத்தான்ல திரும்பும்" என்பான். கில்பர்ட்டும் சிரித்துக்கொள்வார்.

2019 கடைசியில் படகு அங்கிட்டுத் திரும்பியபோது சிரிக்க முடியவில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டித்தான் போயிருந்தார்கள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்தப் பக்கம் மீன் அற்றுப்போய் எத்தனையோ காலம் ஆகிறது. தெரிந்தே போவதுதான், சிக்கினால் சிக்கியதுதான். சிக்கினார். மூன்று வாரம் அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு ஆட்கள் ஐந்து பேரும் அவரும் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார்கள். படகு அங்கேயே நின்றது.

ஜெப்சிக்கு இதுவரைக்கும் எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அது மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது.

அக்கரைக் கோர்ட்டு சில படகுகளை விடுவித்தது. படகுக்காரர்கள் நேரில் வந்து தங்கள் படகை அடையாளம் காட்டினால் இழுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லி, இங்கிருந்து ஒரு குழுவைக் கூட்டிப்போனார்கள். கில்பர்ட்டும் போனார். அங்கே கரையோரமாக முப்பது நாற்பது படகுகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வயிற்றில் தண்ணீர் கட்டிக் கிடந்தன. ஆஸ்லினைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெற்ற பிள்ளையை முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்கிற மாதிரிதான் அது. ஆனால் பெயிண்ட் உரிந்து பேரும் எண்ணும் போயிருந்தன. கேபின் இல்லை. எஞ்சினை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சின் நம்பரைக் காட்டவும் வழியில்லை.

"இது ஒங்க படகுதான்னு எப்படிச் சொல்றீங்க? எதாச்சும் ஆதாரம் காட்டுங்க" என்றார் கூட வந்த அதிகாரி. பொறுமையான மனுஷன்தான். இரண்டு தடவை கேட்டார்.

ஆதாரம் கில்பர்ட்டின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அய்யாவின் பேர், ஊர், அந்தம்மாவின் முகம், எல்லாம் சேர்த்து ஈயத்தில் சுருட்டி, பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு உளியும் சுத்தியலும் கேட்டிருந்தால் கால்மணி நேர வேலை. கில்பர்ட் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். முன்மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வெளிச்சம் பட்டால் கதை முடிந்தது என்று முனியசாமி சொன்னதுதான் காதில் நின்றது. உயிரோடு இருக்கிற படகை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்துவிட்டு, அதன் உயிரை எடுத்துக் காட்டுவதா?

"எங்களுக்குத் தெரியும் சார், எங்க படகு" என்றார்.

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு அடுத்த படகுக்குப் போய்விட்டார். திரும்பி வந்த கில்பர்ட், "இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது" என்று ஜெப்சியிடம் சொன்னார். அவள் நம்பினாள். அவரும் மெல்லமெல்ல அதையே நம்ப ஆரம்பித்தார். காசு உள்ளே இருக்கிறவரை படகு இருக்கிறது. படகு இருக்கிறவரை கையெழுத்து இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

இந்த வருஷம் மார்ச்சில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாம் என்று டென்னிஸ்தான் கூப்பிட்டான். வருஷத்தில் இரண்டே நாள் அந்தத் தீவில் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். இரண்டு கரைச் சனமும் போகலாம், சேர்ந்து முழங்கால் போடலாம். ஜெப்சி, "போயி அந்தோணியார்ட்ட ஒரு முடிவ வாங்கிட்டு வாங்க. காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு அவருதான" என்றாள். அதில் பக்தி கொஞ்சம், சலிப்பு நிறைய.

வெள்ளிக்கிழமை இன்னொருவன் படகில், லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, பெண்பிள்ளைகளோடு பயணியாக உட்கார்ந்து போனார் கில்பர்ட். எஞ்சின் சத்தத்தில் எந்த இடத்தில் கோளாறு இருக்கிறது என்பது அவருக்குக் கேட்டது. யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. தீவில் இறங்கி, சிலுவைப்பாதையில் நடந்து, மணலிலேயே படுத்துத் தூங்கினார். சனிக்கிழமை காலையில் திருப்பலி முடிந்து, சனங்கள் அக்கரைக்காரர்கள் பரப்பிய கடைகளில் சோப்பும் தேங்காயெண்ணெயும் விலை கேட்டுக்கொண்டிருந்தபோது, காணாமல்போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கிற மைக் ஒரு பேரைச் சொன்னது.

"தங்கச்சிமடம் சகாயம் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் யாராவது வந்திருந்தால் கோயில் வாசலுக்கு வரவும்."

தங்கச்சிமடத்தில் தெருவுக்கு ஒரு சகாயம். கில்பர்ட் போய்ச் சேருவதற்குள் அங்கே ஏற்கெனவே மூன்று சகாயங்கள் நின்றார்கள். என்னவோ ஏதோ என்று எல்லோர் முகத்திலும் கலவரம். அவர்களுக்கு எதிரே ஒல்லியான ஒரு மனுஷர், நரைத்த தாடி, கையில் ஒரு துணி முடிச்சு. யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரை, பேர் அருளப்பு என்றார். முடிச்சை அவிழ்த்தார். முதலில் தெரிந்தது ஈயத் தகடு. அவர் அதை விரித்துக் காட்டுவதற்கு முன்னாலேயே கில்பர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த டென்னிஸின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கய்யா பேருதான் அது" என்றார். சகாயங்கள் மூன்று பேரும் விலகிப் போனார்கள்.

"பிடிச்ச படகுகளை ஏலத்தில விட்டவை. பலகைக்கெண்டு நான் எடுத்தனான்" என்றார் அருளப்பு. "தை மாசம் ஏராவைப் பிளக்கேக்க இது விழுந்தது. எங்கட பக்கமும் இதுதான் வழக்கம். செத்த படகின்ர காசை நாங்கள் வச்சிருக்கக் கூடாது. வீட்டுக்காரரிட்டக் குடுத்திட வேணும். திருவிழாவுக்கு எப்பிடியும் உங்கட ஊராக்கள் வருவினம் எண்டு காத்திருந்தனான்."

கில்பர்ட் காசை வாங்கினார். ஈயம் காப்பாற்றியிருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாகப் பச்சை பூத்திருந்தது. மற்றபடி அந்தம்மாவின் மூக்கு, வாரிவிட்ட முடி, கீழே பிறந்த வருஷம், செத்த வருஷம், எல்லாம் அய்யா வைத்தபடியே இருந்தன. எந்தத் தீவை அந்தம்மா கொடுத்ததாகக் கரையே ஏசுகிறதோ, அதே தீவின் வெயிலில் அந்த முகம் பளிச்சென்று மின்னியது. டென்னிஸ் எதுவும் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருப்பான்.

"மரம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார் கில்பர்ட். எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"ஏரா நல்ல மரம். இன்னும் இருவது வருசம் ஓடியிருக்கும்" என்றார் அருளப்பு. அப்புறம் கடல் பக்கம் திரும்பி, "உங்கட விசைப்படகுகளால என்ர வலை மூண்டு தரம் அறுந்துபோச்சு. ஆளைக் கண்டா நாலு கேள்வி கேக்க வேணும் எண்டும்தான் வந்தனான்" என்றார். கில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். அருளப்பு அவர் முகத்தைப் பார்த்தார். "இனிக் கேட்டு என்ன" என்று துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சோப்புக்கடைக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

திரும்புகிற படகில் டென்னிஸுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வேறு எதையாவது சொல்வான் அல்லவா? "ஏலே கில்பர்ட்டு, இந்த இந்திரா காந்திக் காசு போன்ல லச்சக்கணக்குக்குப் போகுதாம்ல. ஆட்டோவுல வந்த ஒருத்தன் காட்டுனான்" என்றான். கில்பர்ட் காசைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். ராமேஸ்வரம் கரை தெரிகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஜெப்சி முற்றத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, அந்தோணியாரு என்ன சொன்னாரு?" என்றாள் நிமிராமலே. கில்பர்ட் காசை எடுத்து அவள் முன்னால் கையை விரித்தார்.

மீனவன் வீட்டில் பிறந்து மீனவனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காசைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கருவாட்டுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார். அதிகாரி கேட்டது, உளி கேட்காமல் வாயை மூடிக்கொண்டது, பேச்சுவார்த்தை என்று பொய் சொன்னது, ஒன்று விடாமல் சொன்னார்.

"ஒடச்சுக் காட்டிருந்தா படகு வந்துருக்குமா?" என்றாள் அவள்.

"வந்துருக்கும்."

"பெறகு ஏங்க ஒடைக்கல?"

"ஒடச்சா செத்துரும்லத்தா."

"ஒடைக்காமலும் செத்துருச்சே" என்றாள் ஜெப்சி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கில்பர்ட்டுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆறு வருஷம் ஐஸ் உடைத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உடைக்க வேண்டிய ஒன்றை மட்டும் உடைக்காத கை.

கொஞ்சநேரம் கழித்து அவர்தான் எழுந்து போய் மாதா படத்துக்குப் பின்னால் இருந்து படிவத்தை எடுத்து வந்தார். "எழுது. திங்கக்கெழம குடுத்துருவோம்" என்றார். ஜெப்சி கையைக் கழுவிவிட்டு வந்து, பேனாவை எடுத்து, மேலிருந்து நிரப்ப ஆரம்பித்தாள். உரிமையாளர் பேர் எழுதினாள். ஊர் எழுதினாள். படகின் பேர் என்ற இடத்தில் ஆஸ்லின் என்று எழுதினாள். மகள் ஆஸ்லின் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். நல்ல பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறவள். அந்தப் பேருக்கு நேராகக் கடைசிக் கட்டத்தில், படகு இனி வராது என்று உரிமையாளர் தரப்பில் எழுத வேண்டும்.

ஜெப்சியின் பேனா நின்றது. ஐந்து தடவை அந்தத் தாளைக் கொண்டுவந்தவள், அந்த வரியை அன்றைக்குத்தான் படித்தாள்.

"பிள்ள பேருக்கு நேரா இத எப்பிடிங்க நான் எழுதுவேன்?" என்றாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள். படகு போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. "இதுக்குத்தான் இத்தன நாளு எழுதாம இருந்தீகளா?"

"அதுக்கும்தான்" என்றார் கில்பர்ட்.

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. அது பறக்காமல் இருக்க, சட்டைப்பையிலிருந்து அந்தக் கனத்த காசை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: ஆஸ்லின் இனி வராது.